அத்தையிடம் கேட்ட இரண்டாவது கேள்வி

நம் வீட்டுக் கொடியில் சட்டை, பாவாடைகளுக்கு நடுவே விரல் அகலத் துணித் துண்டுகள் காய்வதைத் தினமும் பார்க்கிறீர்கள். என் பழைய நீலக் கைலியைக் கிழித்து உங்கள் அத்தை செய்துகொண்டவை அவை. கடலுக்கடியில் பாறையைப் பற்றி வளரும் பாசியைப் பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்க, ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வாள். போன வாரம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பெண், "உங்க அத்தை என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாள். நீங்கள் இருவரும் ஒரே குரலில், "வீட்டுலதான் இருக்காங்க" என்றீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அதே தப்பை நானும் செய்தவன்தான்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. பல நாடுகள் சேர்ந்து பணம் போட்டு, கடற்கரை ஏழைகளுக்குத் தொழில் வழி செய்துதரும் திட்டம் ஒன்று நம் புதுமடம் பக்கம் வந்தது. நான் அதில் வேன் ஓட்டினேன். பத்தாவதுதான் படித்தவன் என்றாலும் என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால், படிவம் நிரப்புவதையும் அலுவலர் என்னிடமே விட்டார். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு ஓர் அட்டை தருவதாக இருந்தார்கள். அட்டை உள்ளவருக்குக் கடலில் ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கும். உங்கள் மாமா இறந்து, கைக்குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்திருந்த என் அக்காவுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, அந்த அட்டை மேல்தான் கண்.

அவளிடமும் முறைப்படி, "என்ன வேலை?" என்று கேட்டேன்.

"என்னலே புதுசாக் கேக்குற? எனக்கு வேலை வெட்டி ஏது. சும்மா பாசிக்குப் போயிட்டு வாரேன்."

கூட இருந்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் வலையோடு போனால் தொழில், கூலிக்குப் போனால் வேலை. பெண்கள் மூச்சடக்கி முங்குவது மட்டும் எதிலும் சேராது. அது பாசிக்குப் போவது, அவ்வளவுதான். நானும் அந்த ஊர்க்காரன்தானே. யோசிக்காமல் எல்லாப் படிவத்திலும் 'வேலை இல்லை' என்று அழகாக எழுதினேன்.

அட்டைக்கான முதல் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பெயரும் வரவில்லை. வேலையில்லாத அவர்களுக்குத் தையல் கற்றுத்தருவதாக முடிவு செய்திருந்தார்கள். அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. "தையலு படிச்சுட்டு நான் கடல்ல முங்கிச் செத்தா எம்புள்ளைக்கு யாரு தருவா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பட்டியல் முடிவாகும் முன் ஓர் அம்மா ஊர் பார்க்க வந்தார். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவொன்றில் பாசி வளர்த்து, பிறகு இந்தத் திட்டத்துக்கு வந்தவராம். வேனில் வரும்போது பனைமரம், உப்பளம், கருவாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். கரையில் அக்கா பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, விரல் துணிகளை வெகுநேரம் பார்த்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவே இல்லை. நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார். அலுவலர் அதைத் தமிழில் சொன்னார்.

"என்னத்தச் செஞ்சேன்" என்று அக்கா இழுத்தாள். "விடியமுன்ன கஞ்சி வச்சேன். படகேறித் தீவுப் பக்கம் போனோம். மத்தியானம் வரைக்கும் முங்குனோம். வந்து பாசியக் காயப்போட்டேன், பொழுதுசாய அள்ளி மூட்டை கட்டுனேன். வேறென்ன, சும்மாதான் இருந்தேன்."

கடைசி வரியை அலுவலர் அவர் மொழியில் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு தன் விரல்களை நீட்டினார். எல்லாம் பழைய வெட்டுத் தழும்புகள். அக்கா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இவுகளும் சும்மாதான் இருந்துருக்காக போல."

படிவங்களை எழுதியது நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய் 'நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்' என்ற அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டு, எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். அக்காவுக்கு அட்டை வந்தது. எத்தனையோ நாடுகள் கூடிப் பேசிய ஒரு விஷயம், கடைசியில் ஒரு வேன் டிரைவர் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதுகிறான் என்பதில் வந்து நின்றதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

அதனால்தான் போன வாரம் கணக்கெடுக்க வந்த பெண்ணைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உங்களிடம் கேட்டேன்: "அத்தை இன்னைக்குக் காலையில இருந்து என்ன செஞ்சாங்க?" இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். பிறகு சின்னவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அய்யா, கொடியில அத்தை துணியக் காணோம்."

"அப்ப எங்கன இருக்கும்?"

"கடல்ல" என்றாள்.

அந்தப் பெண், 'வேலை இல்லை' என்று தான் பதிந்திருந்ததை அழித்தாள்.