பூஜை போட்ட பிரேக் பேட்

சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கு என் பிக்கப் வண்டியில்தான் பட்டு நூல் போகும். பிரேக் பிடித்தால் கிறீச்சென்று கத்தியது. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைத் தடவினால் பள்ளம். மலிவுச் சரக்கை நீட்டிய உதிரிபாகக் கடைக்காரரிடம் எரிந்து விழுந்து, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் நல்ல பேடும் புது டிஸ்க்கும் வாங்கி வந்தேன்.

எங்கள் வீட்டுத் தறிக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் மஞ்சள், குங்குமம் வைப்போம். மனைவி நல்லெண்ணெயில் குழைத்துப் பேடுக்கும் வைத்தாள். நானும் கும்பிட்டுவிட்டு அப்படியே மாட்டினேன். எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும் என்பது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. தெருமுனையில் மிதித்தேன், வண்டி வழுக்கிக்கொண்டு போய் மின்கம்பத்தில் முட்டித்தான் நின்றது.

எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கி வந்தேன். மறுபடியும் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள்.

"ஏங்க, பூஜை போடலியா?"

"முதல்ல வண்டி நிக்கட்டும்மா. அப்புறம் கும்பிடலாம்."