இடது குதிகால்

என் மேசையில் ஒரு குதிகால் எலும்பு இருக்கிறது. வெள்ளை பிளாஸ்டிக்கில் அச்சிட்டது, உள்ளங்கையில் அடங்கும். காகிதம் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்பார்கள். பழவேற்காட்டு அண்ணனுடையது என்பேன். அதற்குமேல் சொன்னால் என் மானம் கொஞ்சம் போகும். இன்றைக்குப் போகட்டும்.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் எலும்பு மாடல்களை 3D பிரிண்டரில் அச்சிடுவது என் வேலை. குதிகால் நொறுங்கி வருகிறவருக்கு, அந்த எலும்பு முழுசாக இருந்தபோது எப்படி இருந்தது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். நொறுங்கியதைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதனால் நல்ல காலை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் இடவலமாகப் புரட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல ஆக்கி அச்சிடுவோம். அந்த மாடலின் மேல் வைத்துத்தான் எங்கள் டாக்டரம்மா உலோகத் தகட்டை முன்கூட்டியே வளைத்துக்கொள்வார். ஆபரேஷன் நடக்கும்போது வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டியதில்லை. புண் திறந்திருக்கும் நேரம் குறையும்.

அண்ணன் பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். படகிலிருந்து கரைக்குக் குதித்தபோது, மணலுக்குள் புதைந்திருந்த கருங்கல்லில் மோதி வலது குதிகால் நொறுங்கிவிட்டது. வீக்கம் வடியட்டும் என்று டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். போனவர் திரும்பி வருவதாக இல்லை. போன் செய்தால் பார்க்கலாம் என்பார். கட்டுப் போடும் வைத்தியரிடம் போய்விடலாம் என்று அவர் மனைவி ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே விட்டால் எலும்பு சப்பையாகக் கூடிவிடும். ஆடுகிற படகில் நின்று வலை இழுக்கிறவருக்கு நிற்கவே முடியாமல் போனால் பிழைப்பு ஏது? நான் காட்டூர்க்காரி, பொன்னேரியில் ரயிலேறி வேலைக்கு வருகிறவள். "உன் ஊர்ப் பக்கம்தானே, மாடலைக் காட்டிப் புரியவைத்துவிட்டு வா" என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

எங்கள் ஊருக்கு ஏரி பக்கம்தான் என்றாலும் நாங்கள் நெல் விளைவிக்கிற குடும்பம். படகில் ஏறினால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்கிற ரகம். அக்கரை சேர்ந்தபோது கை மரத்துப்போயிருந்தது. அண்ணன் வாசலில் வேப்பமர நிழலில், சுருட்டி வைத்த வலையின் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். மாடலை அவர் கையில் கொடுத்து, இதுதான் உங்கள் வலது குதிகால் முழுசாக இருந்த வடிவம் என்று பெரிய மேதாவிபோல விளக்க ஆரம்பித்தேன். அவர் என் பேச்சைவிட அதைத்தான் கவனித்தார். கட்டைவிரலால் தடவித் தடவி, ஓரமாகத் துருத்தியிருந்த விளிம்பில் வந்து நின்றார்.

"இது காலுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா பாப்பா?"

"உள்பக்கம்ணே."

குனிந்து, கட்டுப் போட்ட வலது காலுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். "வெளிய பாத்துகினு இருக்குதே." பிறகு இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. "இது அந்தக் காலாச்சே."

அப்போதுதான் உறைத்தது. படத்தைப் புரட்ட மறந்து, அவருடைய நல்ல காலை அப்படியே அச்சிட்டிருக்கிறேன். டாக்டரம்மா இன்னும் அதைப் பார்க்கவில்லை, கையில் எடுத்ததுமே கண்டுபிடித்திருப்பார்தான். அப்படிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ள இன்றுவரை முடியவில்லை. இடது வலது தெரியாதவர்களிடம் யார் காலைக் கொடுப்பார்கள்? இந்த மனிதர் இனி வரவே போவதில்லை, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தேன்.

"தப்பு என்னோடதுண்ணே. புரட்ட மறந்துட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சின்ன வயசுல எங்களுக்குக் கட்டுமரந்தான். தெனம் அவுத்துக் காயவச்சு, மறுபடி கட்டணும். எடத்து மரத்த வலத்துல வச்சுட்டா நைனா தோல உரிச்சுடுவாரு. அதான் எதக் கையில குடுத்தாலும் எந்தப் பக்கம்னு பாக்குறது" என்றார்.

அதற்குள் அண்ணி டீ கொண்டுவந்து, "இன்னா சொல்லுது பாப்பா?" என்று கேட்டார். மாடல் தப்பு என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். "எலும்பு எப்படி இருக்கும்னு காட்டுது" என்றார். அண்ணி உள்ளே போனதும், "நீயே டாக்டராண்ட சொல்லிடு, மறைக்காத" என்றார்.

திங்கட்கிழமை சொன்னேன். டாக்டரம்மா மாடலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "புதுசா அச்சிடு. உன் கால் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவா" என்றார். அவ்வளவுதான்.

சொன்ன நாளில் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து, கைத்தடி இல்லாமல் என் அறைக்கே நடந்து வந்தார். மனதை அரித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். என் தப்பைக் கண்ணால் பார்த்த பிறகும் எப்படி வந்தீர்கள்?

"அதப் பாத்துதான் வந்தேன்" என்றார். "கட்டுப் போடுறவரு, எனக்குத் தப்பே வராதுன்னாரு. நீ, நான் கேட்டதும் தப்புன்னு ஒத்துகின. உங்களாண்ட காலக் குடுக்கலாம்னு தோணுச்சு."

என்னைக் காட்டிக்கொடுக்காததற்கே நன்றி சொல்லத் தெரியாமல் இருந்தவள் நான். மேசையில் கிடந்த பழைய மாடலைப் பார்த்துவிட்டு, இன்னும் தூக்கிப் போடலியா என்றார். எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன்.

"ஒன்னாண்டயே இருக்கட்டும். நாளைக்கு எடது காலு ஒடஞ்சா உனக்கு வேல மிச்சம்."

சிரித்துக்கொண்டே, இரண்டு குதிகாலும் தரையில் பதிய நடந்து போனார்.

இன்று காலையும் ஒரு மாடல் அச்சாகி வந்தது, யாரோ ஒரு பெயிண்டரின் வலது குதிகால். செருப்பைக் கழற்றிவிட்டு, என் வலது காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு உள்பக்கம் இருந்தது. மின்விசிறிக் காற்றில் படபடத்த காகிதங்களின் மேல் அண்ணனின் இடது காலைத் தூக்கி வைத்துவிட்டு, பெயிண்டரின் குதிகாலை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.