தீபத்தன்று என்னைக் "கைது" செய்த போலீஸ்

போன வருஷம் கார்த்திகை தீபத்தன்று நடந்தது இது. மலையில் தீபம் ஏற்ற இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. திருவண்ணாமலையே தெருவில் நின்றுகொண்டிருக்க, நான் மட்டும் ஆபீஸ் ரூமில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, ஒரு செல்போன் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வேர்வைதான் வந்தது.

நானும் என் கணவரும் செங்கம் ரோட்டை ஒட்டி, ஆசிரமத்துப் பக்கம் ஒரு சந்தில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்களிடம் பாஸ்போர்ட், விசா, போட்டோ எல்லாம் வாங்கி ஆன்லைனில் அரசாங்கத்துக்குப் பதிவு செய்வது என் பொறுப்பு. அதில் நான் ரொம்பக் கறார். அடையாள அட்டையைக் காட்டாமல் என்னிடம் யாரும் ரூம் சாவி வாங்க முடியாது. "சாமியே வந்தாலும் இவ ஆதார் கேப்பா" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அன்று அவர் கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலுக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து நான் சற்று உட்கார்ந்தபோது ஒரு வீடியோ கால் வந்தது. எடுத்தால் ஒரு போலீஸ் அதிகாரி. காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, மேஜைமேல் தொப்பி. என் பெயர், கெஸ்ட் ஹவுஸ் முகவரி, ஆதார் எண் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னார். போலி பாஸ்போர்ட் வைத்திருந்த ஒருவன் எங்கள் இடத்தில் தங்கினானாம். என் ஆதாரை வைத்து அவன் வங்கிக் கணக்கு திறந்து மோசடி செய்தானாம். அதனால் இந்த நிமிஷத்திலிருந்து நான் "டிஜிட்டல் கைது" என்றார்.

போலி பாஸ்போர்ட்டோடு யாராவது வந்து தங்கிவிடுவார்களோ என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே பயம். சரியாக அதிலேயே கை வைத்துவிட்டார். அடையாளச் சரிபார்ப்பு என்று சொல்லி முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு, கண்ணைச் சிமிட்டு, அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடி என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாம் செய்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அட்டை கேட்கிற எனக்கு, இந்த மனிதரிடம் ஒரு அட்டை கேட்கத் தோன்றவே இல்லை.

கதவைச் சாத்த வேண்டும், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது, விட்டால் கணவரும் உள்ளே போவார் என்று மிரட்டினார். தீபத்தன்று ஊரில் சிக்னல் கிடைப்பதே குதிரைக்கொம்பு. எங்கள் வைஃபையில் இந்தப் பாழாய்ப்போன கால் மட்டும் கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது.

பொழுது சாயும்வரை இப்படியே உட்கார வைத்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வங்கியில் இருக்கிற பணத்தை அரசாங்கச் சோதனைக் கணக்குக்கு அனுப்ப வேண்டும், சுத்தமான பணம் என்று தெரிந்ததும் திரும்ப வந்துவிடும் என்றார். இன்னும் இரண்டு அறை கட்டுவதற்காக நாங்கள் வருஷக்கணக்கில் சேர்த்த பணம் அது. போனிலேயே டெபாசிட்டை உடைத்து, அவர் சொன்ன கணக்கு எண்ணையும் போட்டுவிட்டேன். ஓடிபி வந்து நின்றது. அதை அடிப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் கதவை யாரோ இடித்தார்கள்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலையுச்சி தடையில்லாமல் தெரியும். இந்த ஊரில் அப்படி ஒரு மாடி இருந்தால், தீபத்தன்று அது வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணி ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மாடிச் சாவியோ நான் இருந்த அறையில் ஆணியில் தொங்கியது.

திறக்காதே என்றார் அதிகாரி. என்னை வேண்டுமானால் அவர் கைது செய்யலாம், என் அண்ணியை யாரால் முடியும்? கதவு உடைந்துவிடும் போலிருந்தது. சாவியை மட்டும் நீட்டிவிட்டு மறுபடி சாத்தலாம் என்று லேசாகத் திறந்தேன். மொத்தக் கூட்டமும் உள்ளே வந்துவிட்டது.

"இன்னாம்மா, தீபத்தன்னிக்கு கதவ சாத்திக்கினு உள்ள இன்னா பண்ற? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணி, என்னை அரெஸ்ட் பண்ணிட்டாங்க" என்று ஓவென்று அழுதேன். போனில் இருந்தவர் உடனே குரலை உயர்த்தினார். உள்ளூர் போலீஸ் ஜீப் கிளம்பிவிட்டதாம், பத்து நிமிஷத்தில் வாசலில் நிற்குமாம், அறையில் இருக்கிற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போகுமாம்.

அண்ணி போனையே உற்றுப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பத்து நிமிசத்துலயா? எங்க வேனையே ஊருக்கு வெளிய நிறுத்திட்டாங்க. அங்கேர்ந்து காலு ஒடிய நடந்து வரோம். அத்தினி போலீசும் மலைய சுத்தி கூட்டத்த தள்ளிக்கினு நிக்குது. உங்களுக்கு மட்டும் இன்னா சார், இன்னிக்கு டூட்டி போடலயா?"

"இன்னைக்கு என்ன டூட்டி?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அவ்வளவுதான். தீபத்தன்று திருவண்ணாமலைக்கு ஜீப் அனுப்புகிறவருக்கு, தீபம் என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. அறையே வெடித்துச் சிரித்தது. எனக்கும் அந்தச் சிரிப்பில் எங்கிருந்தோ உயிர் வந்தது. விருந்தாளிகளிடம் பேசுகிற என் கறார் குரலும் கூடவே வந்தது. "சார், உங்க ஐடி கார்டைக் காட்டுங்க. கன்னத்துக்குப் பக்கத்துல பிடிங்க. அப்படியே கொஞ்சம் லெஃப்ட்ல திரும்புங்க" என்றேன். என் பின்னாலிருந்து இருபது தலைகள் திரைக்குள் எட்டிப் பார்த்தன. "கண்ண சிமிட்டச் சொல்லு!" என்று ஒரு குரல். அந்த ஆள் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஓடிபியை அழித்தோம். அங்கேயே இணையத்தில் சைபர் குற்றப் புகார் பதிவு செய்தோம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டு, அதையும் பூட்டினோம். மறுநாள் முதல் வேலையாக வங்கிக்குப் போய் விவரம் சொன்னேன். ஒரு பைசாகூடப் போகவில்லை.

மாடிக்கு ஓடவும் உச்சியில் தீபம் தெரியவும் சரியாக இருந்தது. ஊர் முழுக்க ஒரே அரோகரா. நான் தொண்டை கிழியக் கத்தினேன், அழுதேன், சிரித்தேன், அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அத்தனை சந்தோஷமான தீபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இரவு வந்து கதை கேட்ட கணவர், போலீஸிடமே ஐடி கேட்ட பெண்டாட்டி என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் ஆரம்பித்தாலே, இப்போதெல்லாம் நான் முதலில் அண்ணிக்குத்தான் போன் செய்கிறேன். பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது கதவை இடித்துக்கொண்டு உள்ளே வர நாலு பேர் இருப்பதைவிடப் பெரிய பூட்டு எந்தப் போனிலும் இல்லை.