மறுவீட்டு மாப்பிள்ளையும் மொட்டைமாடி வத்தலும்

"உனக்கு வேற சோலியே இல்லையாடி? அடுத்த வீட்டு மாடியில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சு நீ என்ன, கலெக்டருக்கா எழுதிப் போடப் போற? ஊரடங்குல நடந்த கதை. ஊரே மறந்துபோச்சு. நீ இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இன்னும் தாலிக் கயித்துல மஞ்சக் காயல, அதுக்குள்ள தோண்டுற. உன் மாமியா சொல்லிவிட்டாளாக்கும், அந்தக் கெழவியக் கேளுன்னு. போ போ, சொல்ல மாட்டேன்."

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளை இப்படி வைதுகொண்டே, உளுந்து இருந்த முறத்தை அவள் பக்கம் தள்ளினேன். கதை கேட்கிறவள் கை சும்மா இருக்கக் கூடாது. வாய் வேலை எனக்கு, கை வேலை அடுத்தவர்களுக்கு. என் வீட்டில் எப்போதும் அப்படித்தான். நான் குழம்பு வைத்தேன் என்று சொன்னால், என் மருமகள் வைத்தாள், நான் உட்கார்ந்து உப்புக் குறை சொன்னேன் என்று அர்த்தம்.

என் மகன் வழிப் பேத்தியின் கல்யாணம் தேனிப் பக்கம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. அந்த மாப்பிள்ளையைப் பிடித்ததே நான்தான். பொண்ணு பார்க்க வந்தபோது, காப்பி குடித்த தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்தார். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன்தான், வேறு ஆளே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"தம்ளர வச்சு மாப்பிள்ள பாக்குற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா" என்றான் என் மகன்.

"உங்கப்பாரு கல்யாணமாகிச் சாகுற வரைக்கும் ஒரு தம்ளர எடுத்து வைக்கலடா. அந்த வகுத்தெரிச்சல் எனக்குத்தான தெரியும்."

ஆக, மாப்பிள்ளை நல்லவராக இருந்தால் பேர் எனக்கு. இல்லையென்றால் பழியும் எனக்கு.

கல்யாணம் முடிந்து, திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேரும் மறுவீடு வந்தார்கள். மூன்று நாள் இருந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியது. அதற்குள் டிவியில் சொல்லிவிட்டார்கள், யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று. பஸ் இல்லை, ரயில் இல்லை. ஜில்லா விட்டு ஜில்லா போக வேண்டுமென்றால் பாஸ் வேண்டும். வந்த மாப்பிள்ளை வந்தபடியே எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. மறுவீடு வந்த மாப்பிள்ளையை வெற்றிலை பாக்குக் கொடுத்து வழியனுப்பும் வரைக்கும் அவர் இலையில் விருந்துச் சோறுதான் விழ வேண்டும். கஞ்சி, பழையது, ரசம் சோறு எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது. பட்டால், கொடுத்த பெண்ணை நாமே மதிக்கவில்லை என்று பேசுவார்கள். இந்த வழக்கத்தை உண்டாக்கினவர்கள் மூன்று நாள் கணக்கில் உண்டாக்கினார்கள். மாப்பிள்ளை மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்லி வைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கும் தோன்றவில்லை. வழியனுப்பவில்லை, அதனால் விருந்து முடியவில்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் வாரம் ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி. கறிக்கடை மூடின நாட்களில் முட்டை. முட்டையும் அகப்படாதபோது பலாக்காயைக் கறி மாதிரியும் வாழைக்காயை மீன் மாதிரியும் மசாலா தடவி வறுக்கச் சொன்னேன். எல்லாம் சொன்னதோடு சரி. அடுப்பில் வெந்தவள் மருமகள்.

மற்ற நேரத்தில் வீட்டில் ஆளுக்கொரு கைவேலை. மருமகள் பழைய ரவிக்கைத் துணியில் முகக்கவசம் தைத்தாள். எனக்குத் தைத்ததைப் போட்டுக்கொண்டு பேசினால் மூக்கிலிருந்து இறங்கி மோவாய்க்கு வந்துவிடும். "உங்க வாய்க்குத் துணி பத்தாதுத்தே, பெட்சீட்டுலதான் தைக்கணும்" என்றாள். மகன் கடை அடைத்துக் கிடந்ததால் வயர் கூடை பின்னக் கற்றுக்கொண்டான். அவன் பின்னின கூடை நிற்க வைத்தால் படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைத் தொட்டாலும் மருமகள் பதறி ஓடி வருவாள்: "ஐயோ, நீங்க எதுக்கு மாப்ள!"

நாள் போகப் போக அவர் இலையில் விரலால் கோலம் போட ஆரம்பித்தார். முகம் வாடியது. ஒரு நாள் பேத்தி அடுப்படி மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, என்ன?"

"அவரு ஊருக்குப் போறதுக்குப் போன்ல பாஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்காரு அப்பத்தா. ஒத்த ஆளுக்கு. என்னைக் கேக்கக்கூட இல்ல. ஏன்னு கேட்டா, சும்மாதாங்குறாரு."

கல்யாணமான கையோடு பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு மாப்பிள்ளை தனியாகப் போனால், ஊரடங்கானாலும் ஊர் வாய் அடங்குமா? அதுவும் நான் பிடித்த மாப்பிள்ளை. யோசித்து யோசித்து, என் மூளைக்கு எட்டினது ஒன்றுதான்: விருந்தில் ஏதோ குறை. மறுநாளிலிருந்து இலையில் விழுவதை இரண்டு மடங்காக்கச் சொன்னேன்.

சித்திரை பிறந்தது. அழகரே ஆற்றில் இறங்காத சித்திரை அது. வெயிலுக்கு மட்டும் தடையில்லை. அந்த வெயிலை வீணாக்குவானேன் என்று கூழ் வத்தல் போட்டோம். பச்சரிசி மாவைப் புளிக்க வைத்துக் கூழாகக் கிண்டி, பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்துக் கலந்து, விடிந்தும் விடியாமல் மாடியில் வேட்டியை நனைத்து விரித்து, முறுக்கு அச்சில் பிழிந்துவிட வேண்டும். விரித்தது என் வீட்டுக்காரருடைய வேட்டி. உயிரோடு இருந்தபோது ஒரு வேலைக்கும் உதவாத மனுஷன், போன பிறகு வேட்டியாவது உதவட்டும்.

"நான் பிழிஞ்சு தரவா அப்பத்தா?" என்றார் மாப்பிள்ளை.

"ஐயோ, நீங்க எதுக்கு மாப்ள!" என்றாள் மருமகள் கீழேயிருந்து.

பாவமாக இருந்தது. "காக்கா வராமப் பாத்துக்கங்க மாப்ள. உக்காந்து செய்யிற வேலைதான, மருவாதிக்கு ஒண்ணும் கொறையாது" என்று ஒரு குடையைக் கையில் கொடுத்தேன். அந்தக் குடைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மத்தியானம் சாப்பிட்ட பிறகும், "மாடியில கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்று போய்விடுவார். இரண்டு மடங்கு விருந்து செரிக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன்.

வத்தல்தான் குறைந்துகொண்டே வந்தது. காலையில் வேட்டி நிறையப் பிழிவேன். சாயங்காலம் பார்த்தால் ஓரத்தில் வரிசை வரிசையாகக் காணாமல் போயிருக்கும். மலையடிவாரத்து வீடு. குரங்கு வரும். குரங்குதான் என்று முடிவு கட்டி, மாடியில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏசினேன். எல்லா மாடியிலும் ஆட்கள் நின்ற காலம். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் குரல் தன்னால் ஏறும்.

"என் வத்தலத் தின்ன வாயி வெந்துபோக! வகுறு வீங்கி வெடிச்சுப்போக! பொண்டாட்டி கிடைக்காம மலையச் சுத்தி அலைய! சொல்லுங்க மாப்ள, நான் வையிறதுல தப்பிருக்கா?"

குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினார். "தப்பே இல்ல அப்பத்தா."

வைதும் திருட்டு நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு அசந்த நேரத்தில், தேய்ந்துபோன விளக்குமாறு ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் பதுங்கினேன். வீட்டைக் காக்க வந்த வீராங்கனை உட்கார்ந்தவுடனே குறட்டை விட்டிருக்கிறாள். சவக் சவக் என்று மெல்லுகிற சத்தத்தில் விழிப்பு வந்தது. கண்ணாடி கீழே கிடந்தது. எதிரே மங்கலாகத் தெரிந்தது: பழுப்பு நிறத்தில் ஒன்று, குத்துக்காலிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியிலிருந்து அரைக் காய்ச்சல் வத்தலைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போடுகிறது. எழுந்தேன், வீசினேன் விளக்குமாற்றை. முதுகில் இரண்டு, மண்டையில் ஒன்று.

"ஐயோ அப்பத்தா!"

குரங்கு திரும்பியது. தலையில் பழுப்புத் துண்டு கட்டின என் பேத்தியின் புருஷன்.

மறுவீடு வந்த மாப்பிள்ளையை விளக்குமாற்றால் அடித்தவள் எங்கள் வகையறாவில் எனக்கு முன்னால் யாரும் கிடையாது. பின்னாலும் வர மாட்டாள். பாஸ் வருகிற வரைக்கும்கூட இருக்க மாட்டார், நடந்தே தேனிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அய்யா... நீங்களா? பசியா உங்களுக்கு? அம்புட்டு விருந்து வச்சுமா?"

அவர் வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினார். கண் கலங்கியிருந்தது. அடித்ததால் இல்லை.

"விருந்துதான் அப்பத்தா. எங்க வீட்டுல காலையில கஞ்சி, மத்தியானம் ரசம். கறியெல்லாம் என்னைக்காச்சும்தான். இங்க வந்ததுலருந்து எனக்கு வகுறே சரியில்ல. புளிச்ச மாவு வாசம் வந்துச்சு, கையி தன்னால போயிருச்சு. பாதி காஞ்சது, அம்புட்டு ருசி..."

"வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான?"

"எங்கம்மா சொல்லிவிட்டுச்சு. மாமியா வீட்டுல எதையும் கேக்காத, எலையில விழுந்தத ஒதுக்காத, கொறை சொன்னான்னு பேராகும்னு."

"அப்ப அந்தப் பாஸு?"

"அது ஒரு வாரம் வகுத்தச் சரி பண்ணிட்டு வாரதுக்கு அப்பத்தா. வெக்கத்துல அவகிட்டச் சொல்லல."

அதற்குள் சத்தம் கேட்டு மருமகளும் பேத்தியும் ஓடி வந்தார்கள். மருமகள் என் கையையும் அவர் தலையில் ஒட்டியிருந்த ஈர்க்குச்சியையும் பார்த்தாள். "அத்தே! மாப்பிள்ளையப் போயி வெளக்குமாத்தாலயா..." என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லத்தே, துண்டுல தூசி இருந்துச்சு. அப்பத்தா தட்டிவிட்டாக" என்றார் மாப்பிள்ளை.

தம்ளர் கணக்குத் தப்பவில்லை என்று எனக்கு அந்த இடத்தில் ஒரு தெம்பு வந்தது. ஆனால் கஞ்சி கொடுக்க வழக்கம் குறுக்கே நிற்கிறது. விருந்து முடியாமல் கஞ்சி ஊற்ற மருமகள் சம்மதிக்க மாட்டாள். விருந்து முடிய வேண்டுமென்றால் வழியனுப்ப வேண்டும். சரி, அனுப்பிவிட்டால் போகிறது.

எல்லோரையும் கீழே கூட்டிப் போனேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் இரண்டு பேர் கையிலும் கொடுத்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று திருநீறு பூசி அனுப்பினேன். மகன் கூடையும் கையுமாக விழித்தான். "எங்க போறாகம்மா? போலீஸ் பிடிக்கும்!"

"வாசப்படி வரைக்கும்தான்டா."

இரண்டு பேரும் படியிறங்கித் தெருவில் நின்றார்கள். நான் வாசலில் நின்று குரல் கொடுத்தேன். "வாத்தா, வாய்யா பேராண்டி. வெயில்ல ஏன் நிக்கிறீக? கஞ்சி எடுத்து வச்சிருக்கு, வந்து குடிங்க."

மாப்பிள்ளையாகப் போனவர் வீட்டுப் பிள்ளையாக உள்ளே வந்தார். பழையதைப் பிழிந்து வைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தோம். அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து, இத்தனை நாள் அடுப்பில் வெந்த மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று பேத்தி சிடுசிடுத்தாள். அவர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே போனை அவள் பக்கம் தள்ளினார். "அந்தப் பாஸ நீயே அழிச்சுவிட்டுரு. போறப்ப ரெண்டு பேருக்கும் சேத்துக் கேப்போம்."

சாயங்காலம் மிச்ச வத்தலை அள்ள மாடிக்குப் போனேன். அடுத்த மாடியில் உன் மாமியாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுக்காரிகள்.

"என்ன பெரியம்மா, மத்தியானம் பெரிய அடி சத்தம்?"

"குரங்கும்மா. பெரிய கடுவன். இன்னைக்குத்தான் கையில சிக்குச்சு. நாலு வச்சேன், ஓடிப்போச்சு. இனி வராது."

உன் மாமியாள் லேசுப்பட்டவளா? "அதில்ல பெரியம்மா, 'ஐயோ அப்பத்தா'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே. குரங்கா அப்படிக் கத்துச்சு?"

"ஆமா, பின்ன? திருப்பரங்குன்றத்துக் குரங்குடி அது. வயசானவுக அடிச்சாலும் முறை வச்சுத்தான் கத்தும்."