தானாய் முளைத்த கொடி

வட்டக்கச்சிப் பக்கத்துத் தாவரவியல் தோட்டக் காவலாளிக்கு, வாய் திறக்க முதல் இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம். ஐப்பசி மழையில் செழித்த கொவ்வைப்பழம், சூரைப்பழம், நாயுண்ணிப்பூ எல்லாவற்றையும் தான் பெற்ற பிள்ளைகள் மாதிரி எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். வேலியோரம் கார்த்திகைப்பூ நெருப்பாய்ப் பூத்திருந்தது. போராளிகள் தங்கள் தேசியப் பூவாக்கிய பூ அது; யுத்தம் முடிந்தும், அதைப் படமெடுத்தால் விசாரிக்க ஆள் வருகிற ஊர் இது.

“ஐயா, இதுக்கு மட்டும் பெயர்ப்பலகை இல்லையே?”

இரண்டு பக்கமும் பார்த்தார். “அது தானா முளைச்சது தம்பி. எங்களுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

“அப்ப பிடுங்கி எறியுங்கோவன்.”

மறுபடியும் பார்த்தார். “பிடுங்கினா ஊர்ச்சனம் என்னைச் சும்மா விடுமோ?”

அவர் போனபிறகு கிட்டப் போனேன். தொடர்பில்லாத கொடிக்குத் தடி ஊன்றி, கயிறும் கட்டியிருந்தது. படமெடுக்கப் போனை எடுத்த நானும் இரண்டு பக்கமும் பார்த்தேன்.