நானூறு கிலோமீற்றர் பத்தியம்

வான் ஓட்டுகிறவனுக்கு வீதியிலுள்ள பள்ளங்களைவிடப் பயணிகளின் வயிறுகள்தான் பெரிய தலையிடி. கொழும்பில் ஆட்களை ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்குவது என் தொழில். முன்பெல்லாம் ஏறியதும், "ஏசி வேலை செய்யுமோ?" என்று கேட்பார்கள். இப்போது, "வழியில நல்ல சாப்பாடு இருக்குமோ?" என்கிறார்கள். நல்ல சாப்பாடு என்றால் ருசியான சாப்பாடு என்று பல காலம் நம்பியிருந்தேன். சம்பல் இல்லாத இடியப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு எட்டு மணித்தியாலம் பயணம் செய்தவர்களுக்கு என் துயரம் விளங்கும்.

அடிக்கடி அவசரம்

கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. சுகந்தி அக்கா பெட்டி பெட்டியாகக் கரட்டும் வெள்ளரிக்காயும் வெட்டிக்கொண்டு வந்திருந்தா. "அண்ணை, எண்ணெய்ப் பலகாரக் கடை ஒண்டிலயும் நிப்பாட்டக் கூடாது" என்று பாமன்கடையில் ஏறும்போதே கட்டளை. கணவர் மறுபேச்சில்லாமல் வெள்ளரிக்காயைக் கடித்தார்.

நீர்கொழும்பில் அவருக்கு அவசரம் வந்தது. சிலாபத்திலும் அவசரம். புத்தளத்திலும் அவசரம். அவர் நிற்பாட்டச் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு பேக்கரி இருந்தது. எனக்கு விளங்கியது, மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் கேட்ட இடத்திலெல்லாம் நிற்பாட்டினேன். அநுராதபுரத்தில் அக்காவும் கூடவே இறங்கினா. திரும்பி வரும்போது கணவர் தலையைக் குனிந்தபடி முன்னால் வந்தார். அக்கா என்னிடம் சொன்னா: "சலம் போறதில ஏதும் வருத்தமோ எண்டு வழி முழுக்கக் கடவுளைக் கும்பிட்டு வந்தனான் அண்ணை. பாத்தா மீசையில கட்லட் தூள்!"

ஆறு முட்டை

ஜிம்முக்குப் போகும் இளைஞர் ஒருவர் முன் சீற்றில் இருந்தார். மாச்சத்து ஆகாதாம். கண்ணாடியெல்லாம் பூட்டி ஏசி ஓடிக்கொண்டிருக்க, அவித்த முட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து ஆறையும் முடித்தார். வானுக்குள் மணம் எழுந்து நின்றது. அரை மணித்தியாலத்தில் அதைவிட மோசமான ஒன்றும் வந்தது. பின்னாலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, சுத்த சைவம், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி அவர் தோளைத் தட்டினா: "தம்பி, உங்கட உடம்பு நல்லாத் தேறட்டும். ஆனா நாங்களும் உயிரோட ஊருக்குப் போய்ச் சேர வேணும்."

கடைச் சோறு தொடாத ஐயா

கொட்டாஞ்சேனையில் ஏறிய ஐயா ஒருவர், சலரோகக்காரர். காலைக் குளிசையை ஒழுங்காகப் போட்டுவிட்டார். ஆனால் கடைச் சோறு இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும் என்று ஒரு வாய் தொடவில்லை. மனைவி கெஞ்சினா, நானும் சொன்னேன். "எனக்கு என்ர உடம்பு தெரியும்" என்று எங்கள் இரண்டு பேரையும் அடக்கிவிட்டார்.

நொச்சியாகம தாண்டியதும் பின்னால் மனைவியின் அழுகை கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயாவின் சேட்டு வியர்வையில் ஊறிக் கிடந்தது. மனைவியைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குளிசை போட்டுப் பட்டினி கிடந்ததில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. முதலில் கண்ட தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் வானை நிறுத்தி, "அக்கே, சீனி தாலா தே எகக், இக்மனட்ட!" என்று சீனி போட்ட தேத்தண்ணியை உடனே கேட்டுச் சிங்களத்தில் கத்தினேன். கடைக்காரப் பெண் காரணம் கேட்கவில்லை. நாலு கரண்டி சீனி போட்டு ஆற்றிக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தா. நல்ல காலம், அவருக்கு விழுங்கத் தெம்பிருந்தது. மனைவி மிடறு மிடறாகப் பருக்கினா. கால் மணித்தியாலத்தில் ஐயாவின் கண் தெளிந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வெறும் கோப்பையைப் பார்த்தார். பிறகு கடுமையான குரலில் சொன்னார்: "தம்பி, இந்தத் தேத்தண்ணியில சீனி கூடிப்போச்சு!"

என் பத்தியம்

சிரித்த எனக்கும் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்த டொக்டர் சீனி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து மனைவி விடிய முதல் எழும்பிக் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் கட்டித் தந்தா.

புத்தளத்தில் நான் வழக்கமாக வான் நிறுத்தும் சாப்பாட்டுக் கடையில் என் பார்சலைப் பிரித்தேன். எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "சண்டையெண்டா நேரா சொல்லுங்க, சோத்துல காட்டாதீங்க" என்றார். விசயத்தைச் சொன்னேன். அவருக்கும் பல வருசமாகச் சீனியாம். ஒரு பிடி ருசி பார்த்தார். அடுத்த பயணத்தில் பாதி. அதற்கடுத்த பயணத்தில் முழுப் பார்சலும் அவருக்கு, பொரித்த பாரை மீனும் பராட்டாவும் எனக்கு.

இரண்டு மாதம் இப்படிச் சந்தோசமாகப் போனது. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருக்க, காக்காவின் போன் வந்தது, மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டா. "தங்கச்சி, ஒங்கட பிட்டாலதான் எனக்கு சீனி எறங்கிச்சு, அல்லா ஒங்கள நல்லா வைக்கணும்!" துவாயோடு வெளியே வந்தேன். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா: "அப்ப ரெண்டு மாசமா நான் விடியமுன்னம் எழும்பிப் புத்தளத்து முதலாளிக்கோ பத்தியம் சமைச்சனான்?"

ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்பதில் என் வானில் ஏறிய எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான், அப்படிச் சாப்பிட வேண்டியது பக்கத்துச் சீற்றில் இருப்பவர் என்பதிலும்.