வேன் கவுந்தா வீடு யாருக்கு

எங்கள் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் தோஷமில்லை என்று நினைக்கிறேன். உத்திராபதி. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூன். ஊரார் காகிதங்களை இருபது வருஷம் மேசைக்கு மேசை தூக்கி, காகிதம் இல்லாத குடும்பம் உருப்படாது என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதிலேயே உயில் எழுதினார். ஆஸ்தி என்று பார்த்தால் ஒரு ஓட்டு வீடு, கொல்லையில் பத்துத் தென்னை, ஒரு சைக்கிள்.

எழுதியது பெரிதில்லை. குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அதை எடுத்துச் சரிபார்ப்பார். அதுதான் எனக்கு வந்த சோதனை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்த நொத்தேர் ஒருவர், "உன் கையாலேயே எழுது, அடித்தல் திருத்தல் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து எழுத வேண்டும். இவர் எழுத்தோ கோலம் போடுகிற மாதிரி. ஆறு பக்கத்துக்கு நாலு நாள்.

எழுபத்தெட்டில் பழனிக்கு மூட்டை கட்டினோம். உயிலில் பத்துத் தென்னை, கொல்லையில் ஒன்பது. ஒன்றைப் புயல் கொண்டுபோயிருந்தது. எழுதி முடிப்பதற்குள் லீவு முடிந்தது. எண்பதில் திருப்பதி. பழைய சைக்கிளை விற்றுப் புதுசு வாங்கினது கடைசி நேரத்தில் ஞாபகம் வந்தது. பெருமாள் பொறுத்துக்கொண்டார். முருகனிடம்தான் எனக்குப் பயம். மகள் ராசாத்திக்கு டைபாய்டு வந்தபோது திருச்செந்தூருக்கு அழைத்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது ஏழு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

எண்பத்துமூன்று மே மாதம் முத்து முகம்மதுவின் வேனைப் பேசினோம். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் தகர டப்பாவைத் திறந்து உயிலை எடுத்தார். நான் முருகா முருகா என்று முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் மாறவில்லை. தென்னை ஒன்பது, சைக்கிள் ஒன்று. நாலு எல்லையும் உரக்க வாசித்தார். வடக்கே 'தெட்சிணாமூர்த்தி என்பவர் வீடு.' அந்த 'என்பவர்' இவர் கூடப்பிறந்த தம்பி. சுவரோரத்து முருங்கை யாருடையது என்று பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. முருங்கை எப்போதோ பட்டுப்போய்விட்டது, சண்டைதான் இன்னும் பச்சையாக இருந்தது. தம்பி பெண்சாதி அல்லியும் நானும் கிணற்றடியில் பேசிக்கொள்வோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

டப்பாவை மூடப்போனவர் நிறுத்தினார்.

"அஞ்சுகம், உயில்ல யாரு பேரு இருக்கு?"

"என் பேரும் பிள்ளைங்க ரெண்டு பேரும்."

"வேன்ல யாரு போறது?"

"நாமதான்."

"வேன் கவுந்துட்டா?"

"முருகன் பாத்துக்குவான்."

"நம்மள அவன் பாத்துக்குவான். வீட்டை யாரு பாத்துக்கிறது?"

பத்தாவது படிக்கிற ராசாத்தி முறுக்கைக் கடித்தபடி சொன்னாள். "நாலு பேரும் போயிட்டா சித்தப்பாவுக்குத்தாம்பா."

"அவனுக்கா?"

"வேற யாரு இருக்கா?"

"கோயிலுக்கு எழுதிடுங்களேன்" என்றேன்.

"எழுதலாம். நாலு நாள் ஆகும்."

அதோடு விட்டுவிட்டு அடுத்த ஈடு முறுக்கைப் பிழிந்தேன்.

"சரி, நீயும் ராசாத்தியும் வேன்ல போங்க. நானும் பயலும் ரயில்ல வர்றோம்."

"ரெண்டும் கவுந்தா?" என்றாள் ராசாத்தி. அவள் வாயில் இன்னொரு முறுக்கைத் திணித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தவர் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய் இறங்கவில்லை. முருகா, இந்தத் தடவையும் நின்றுபோனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நான் அடுப்பைப் பார்த்துக் கேட்டேன்.

காலையில் பல் விளக்கிவிட்டு நேரே வடக்குச் சுவரோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் தம்பி குளித்துக்கொண்டிருந்தார், அல்லி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இவர் ஆகாசத்தைப் பார்த்தபடி, "அல்லி, வேன்ல இடம் இருக்கு. திருச்செந்தூர் வர்றதா இருந்தா வரலாம்னு சொல்லு" என்றார்.

"வர்றோம்னு சொல்லு" என்றது அந்தப் பக்கம்.

அல்லி சுவருக்கு மேலாக, இவர் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். "நான் எதுக்குக்கா நடுவுல? அடுப்புல பால் பொங்குது."

வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டோம். நாகூர் தாண்டும் வரை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்புறம் தம்பி கேட்டார்.

"ஏண்ணே, திடீர்னு கூப்பிட்ட?"

இவருக்குப் பொய் வராது. "வேன் கவுந்தா வீடு உனக்குப் போயிடும். அதான் உன்னையும் ஏத்திக்கிட்டேன்."

தம்பி ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "யோசனை சரிதான். ஆனா என் வீடும் போச்சே."

"ஏன், நீ உயில் எழுதலையா?"

"எழுதினேன். உன் பிள்ளைங்க பேருக்கு. அதுங்களையும் இதுலயே ஏத்திட்டியே."

இவர் தூக்குவாளியைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துத் தம்பி பக்கம் நீட்டினார்.

முத்து முகம்மது திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "ரெண்டு வீடும் என் ஸ்டியரிங்கிலதான் இருக்கு போல. கொஞ்சம் பேசாம வாங்க அண்ணே, ரோடு சரியில்ல."

முருகன் தரிசனம் நன்றாகக் கிடைத்தது. ஊர் திரும்பிய மறுநாளே இவர் பேனாவில் மை ஊற்றினார். தென்னை மாறவில்லை, சைக்கிள் மாறவில்லை. என்னத்தை எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'வடக்கே என் தம்பி தெட்சிணாமூர்த்தி வீடு' என்று இருந்தது.

அதற்கு நாலு நாள் ஆனது. மாயவரத்தில் என் அக்கா மகள் கல்யாணம் தப்பிப்போனது.